அம்மாவின் மாரடைப்பு: ஒரு பொது மருத்துவமனையின் சேவை குறித்து என் மதிப்பீடு

அம்மா வீடு திரும்பிய மறுநாளே கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்து வரை எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று மருத்துவமனை கேட்டிருந்தது. பதில் அனுப்ப என்னால் முடியவில்லை. அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்த அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நட்சத்திரமும் போதாது. ஆனால், திறந்த குழாய் மறுபடியும் அடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தந்த மாத்திரையை விளக்கிய நான்கு நிமிடத்துக்கு இரண்டு தருவதே அதிகம் என்று பின்னால் தெரியவந்தது. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு மூன்றரை என்று சொல்வது இரு தரப்புக்கும் நியாயமாகாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. அங்கே பணியாற்றிய பலர் எங்கள் குடும்பத்துக்குச் செய்த உதவி பெரிது. குறையையும் நான் அவர்களிடமே எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

அம்மாவுக்கு வயது 68. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்களோடு வசிக்கிறார். அன்று விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு எழுந்து, மேல்வயிறு பிசைகிறது, குமட்டுகிறது என்று சொல்லி ஓமத் தண்ணீர் வைத்துக் குடித்திருக்கிறார். "ஒன்னும் இல்லப்பா, ராத்திரி சாப்பிட்ட கடலைப்பருப்பு வாயுவா நிக்குது" என்றார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையசைத்தார். நான் பிறகு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது: நீண்டகால நீரிழிவு நரம்புகளை மந்தமாக்கிவிடுவதால், இத்தகையவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மாரடைப்பு நெஞ்சு வலியாக வராமல் குமட்டல், வியர்வை, தாடை வலி, காரணமில்லாத களைப்பு என்று வேறு உருவங்களில் வரக்கூடும். என் மனைவிதான் அவர் முதுகைத் தொட்டுப் பார்த்து, இரவு உடை முழுவதும் குளிர்ந்த வியர்வையில் நனைந்திருப்பதைக் கவனித்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த அறையில் அப்படி வியர்ப்பதற்குக் கடலைப்பருப்பு காரணமாகாது. அவசர மருத்துவ வாகனத்துக்கான எண்ணான 995-ஐ அழைத்தோம்.

டாக்சி பிடித்துப் போய்விடலாமே, பத்து நிமிடம்தானே என்று எனக்குள் எழுந்த எண்ணத்தை மறைக்க விரும்பவில்லை. அப்படிச் செய்யாமல் இருந்ததுதான் அன்று நாங்கள் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம். குடிமைத் தற்காப்புப் படையின் வாகனம் ஒன்பதாவது நிமிடத்தில் புளோக்கின் கீழே நின்றது. வந்தவர்களில் மூத்தவர் ஒரு மலாய்க்காரர், "மானா சாக்கிட், ஆன்ட்டி?" (எங்கே வலிக்கிறது?) என்று அவர் கேட்டதும், மார்க்கெட் மலாய் நன்றாகவே பேசும் அம்மா, என்னிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னார். தாடை வலிப்பது அப்போதுதான் எனக்கே தெரியும். கேட்டுக்கொண்டே அவர் அம்மாவின் மார்பிலும் கைகால்களிலும் மின்முனைகளை ஒட்டி, இதயத் துடிப்பின் மின்பதிவான ஈசிஜி எடுத்தார். தாளைப் பார்த்த பிறகு அவருடைய குரல் மாறவில்லை. கை மட்டும் வேகமெடுத்தது. ஆஸ்பிரின் மாத்திரையை அப்படியே விழுங்காமல் மென்று சாப்பிடச் சொன்னார். ஈசிஜி அங்கிருந்தே மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. பழைய மின்தூக்கியில் தள்ளுபடுக்கையை நீட்டி வைக்க இடமில்லாததால், அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே இறக்கினார்கள்.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: மருத்துவமனை வாசலில் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அடையாள அட்டை, முகவரி, யார் பணம் கட்டுவது என்ற கேள்விகளெல்லாம் பின்னால்தான் வந்தன. ஈசிஜி முன்னமே போய்ச் சேர்ந்திருந்ததால் இதயச் சிகிச்சைக் குழுவைப் படுக்கையிலிருந்து எழுப்பி வரவழைத்திருந்தார்கள். மருத்துவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "இதயத்தின் அடிப்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் முழுவதுமாக அடைத்திருக்கிறது, இப்போதே திறக்க வேண்டும்" என்று இரண்டே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்லி ஒப்புதல் கையெழுத்து வாங்கினார். இரண்டு வாக்கியம் போதாது என்று அன்று தோன்றவில்லை. சிகிச்சை முடிந்த பிறகு தந்த அறிக்கையில் பார்த்தேன்: வாசலில் நுழைந்த நேரம் 5.52, அடைப்பைத் திறக்கும் சிறு பலூன் குழாய்க்குள் விரிந்த நேரம் 6.49. ஐம்பத்தேழு நிமிடங்கள். உலகெங்கும் பரவலாகப் பின்பற்றப்படும் இலக்கு 90 நிமிடங்கள்.

இந்த அவசரம் எதற்கு என்பதை எழுதாமல் சேவையை மதிப்பிடுவது சமையலைச் சாப்பிடாமல் மதிப்பிடுவதைப் போன்றது. இதயத் தமனியின் சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்திருக்கும் கொழுப்பின் மேல்மூடி ஒரு நாள் கிழிகிறது. கிழிந்த இடத்தை உடல் ஒரு வெட்டுக்காயம் என்றே நினைத்துக்கொள்கிறது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஓடிவந்து அங்கே ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. அவற்றின் மேல் ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. அந்த வலையில் சிவப்பணுக்கள் சிக்குகின்றன. கையில் வெட்டுப்பட்டால் உயிரைக் காக்கும் அதே உறைவு, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்க்குள் நிகழும்போது ஆளைக் கொல்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை உடனே முழுவதுமாக இறந்துவிடுவதில்லை. இதயச் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கி, மணிக்கணக்கில், அலைபோலச் சாவு பரவுகிறது. அந்த அலை வெளிச்சுவரைத் தொடுவதற்குள் இரத்தத்தை மீண்டும் ஓடவிட்டால் மிச்சமிருக்கும் தசை பிழைக்கும்.

இந்த அறிவு அவ்வளவு பழையது அன்று. உறைவுதான் மாரடைப்புக்குக் காரணமா, அல்லது மாரடைப்பு வந்த பிறகு உறைவு உண்டாகிறதா என்று 1970களில்கூட வாதம் நடந்தது. 1980இல் டிவூட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் மாரடைப்பு வந்து நான்கு மணி நேரத்துக்குள் நோயாளிகளின் இதயக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்து, 87 விழுக்காட்டினருக்குக் குழாய் முழுவதுமாக அடைத்திருந்ததைக் காட்டிய பிறகே அந்த வாதம் ஓய்ந்தது. பிறகு உறைவைக் கரைக்கும் மருந்துகளின் காலம் வந்தது. இத்தாலியில் 11,806 பேரைக் கொண்டு நடந்து 1986இல் வெளியான ஆய்வு, ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து சாவைக் குறைக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது.

அந்த மருந்தைப் பற்றி எனக்கு ஒரு குடும்ப நினைவு உண்டு. பட்டுக்கோட்டையில் இருந்த என் சித்தப்பாவுக்குத் தொண்ணூறுகளில் மாரடைப்பு வந்தபோது ஸ்ட்ரெப்டோகைனேஸைத்தான் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் ஏற்றினார்கள். பிழைத்தார். ஆனால், ஒருமுறை போட்ட அந்த மருந்தை மறுமுறை போடக்கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் மருந்து என்பதால் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளுமாம். அந்தச் சீட்டைச் சித்தி தாலிக்கயிறு மாற்றி எடுத்து வைத்த டப்பாவில் கடைசிவரை பத்திரப்படுத்தியிருந்தார். கரைப்பு மருந்துகள் உறைந்த இரத்தக் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதில்லை, உடல் முழுவதும் போகின்றன. ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம். இருந்தாலும் பலூன் சிகிச்சை வசதிக்குப் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய ஊர்களில் இன்றும் அவையே உயிர் காக்கின்றன. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சிங்கப்பூரில் நேரடியாகப் பலூனுக்கே போக முடிகிறது. இது நமக்கு வாய்த்த புவியியல் அதிர்ஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1977 செப்டம்பரில் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயக் குழாயில் முதன்முதலாகப் பலூனை விரித்தார். அம்மாவும் விழித்தே இருந்தார். வலது மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்குள்ள தமனி வழியாக மெல்லிய குழலை இதயம்வரை செலுத்தியிருக்கிறார்கள். மயக்கம் கொடுக்காமல் நெஞ்சுக்குள் வேலை பார்ப்பார்கள் என்பதை அவர் இன்னும் நம்ப மறுக்கிறார். கையில் ஏதோ செய்துவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்றே அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் எனக்குத் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படத்தில் வலது இதயத் தமனி பாதியிலேயே, முறித்துப்போட்ட முருங்கைக் கிளைபோல, நின்றுபோயிருந்தது. இரண்டாவது படத்தில் அதே கிளை கீழே வளைந்து இறங்கிச் சிறு சிறு கிளைகளாகப் பிரிந்திருந்தது. இரத்தம் மீண்டும் பாய்ந்த கணத்தில் நாடித் துடிப்பு திடீரென்று குறைந்து, அதற்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது என்றும், தவித்துக் கிடந்த தசைக்கு இரத்தம் திரும்பி வரும்போது இப்படி நடப்பது உண்டு என்றும் சொன்னார்.

இரத்தக் கட்டியை ஏன் உறிஞ்சி வெளியே எடுக்கவில்லை என்று கேட்டேன். இணையத்தில் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கும் மகன்களை அவர் தினந்தோறும் சந்திப்பவராக இருக்க வேண்டும். ஆனாலும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு காலத்தில் எல்லோருக்கும் அப்படி உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட ஓர் ஆய்வில் அதனால் பொதுவான பயன் தெரியவில்லை, பக்கவாதம்தான் சற்றுக் கூடியது. எனவே கட்டி மிகப் பெரிதாக இருந்தால் மட்டுமே உறிஞ்சுகிறோம், உங்கள் அம்மாவுக்குத் தேவைப்படவில்லை என்றார். இரவுப் பணி முடித்துக் கண் சிவந்திருந்த ஒருவர், எழுந்து போக உரிமை இருந்தும், ஆறேழு நிமிடம் நின்று இதைச் சொன்னார். மொழி ஆங்கிலமாக இருந்ததாலும் எனக்கு அது தெரிந்திருந்ததாலும் எனக்குக் கிடைத்த இந்த விளக்கம், அம்மாவுக்கு எந்தக் கட்டத்திலும் கிடைக்கவில்லை.

வார்டில் நான்கு நாட்கள். அரசு மானியம் உள்ள 'சி' வகுப்பு. சைவ உணவு நன்றாக இருந்தது, உப்புதான் இல்லை. அது வேண்டுமென்றே இல்லாதது. தாதியரில் ஒருவர் திருச்சிக்காரர். மணிக்கட்டைச் சுற்றியிருந்த, காற்றடைத்த நெகிழிப் பட்டையிலிருந்து சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கும்போது, "அம்மா, கையை மடக்காதீங்க, இதுல இருந்து ரத்தம் வந்தா உடனே கூப்பிடணும்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். அம்மா அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். சொந்த மொழியில் சொன்னால் அவர் எவ்வளவு கச்சிதமாகக் கேட்டு நடப்பவர் என்பதற்கு இதைக் குறிப்பிடுகிறேன். செலவைப் பற்றிச் சுருக்கமாக: அரசு மானியமும் மெடிஷீல்டு லைஃப் என்னும் தேசிய மருத்துவக் காப்புறுதியும் போக மீதியை மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், கையிலிருந்து கொடுத்தது சொற்பம். கணக்கைப் புரிந்துகொள்ள உதவிய அலுவலர் அன்பானவர்.

இனிக் குறைக்கு வருகிறேன்.

வீட்டுக்குக் கிளம்பிய திங்கட்கிழமை நண்பகலில் நான் கீழே கட்டண இயந்திரத்தின் முன் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மருந்தாளுநர் படுக்கைக்கு வந்து, ஒன்பது வகை மருந்துகளையும் ஆங்கிலத்திலும் கொஞ்சம் மலாயிலும் அம்மாவுக்கு விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மையாரின் கணக்குப்படி நான்கு நிமிடம். தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், டிகாக்ரெலார் இரண்டையும் சேர்த்துக் காட்டி, இரண்டுமே இரத்தத்துக்கு என்று சொல்லியிருக்கிறார். பொய் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே வேலைக்கு என்றால் ஒரே நேரத்துக்குத்தானே என்று அம்மா எடுத்துக்கொண்டார்; இரண்டையும் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு ஒரே தடவையாகப் போட்டுக்கொண்டார். எங்களுக்குத் தந்த உறைகளில் இருந்தது ஆங்கிலம் மட்டுமே.

வியாழக்கிழமை இரவு தற்செயலாக டிகாக்ரெலார் அட்டையை எண்ணிப் பார்த்தேன். ஆறு மாத்திரை குறைந்திருக்க வேண்டும், மூன்றுதான் குறைந்திருந்தது. ஆஸ்பிரின் தட்டணுவை அதன் ஆயுள் முழுவதற்கும் முடக்கிவிடுவதால் ஒரு நாளைக்கு ஒன்று போதும். டிகாக்ரெலார் தட்டணுவைப் பிடித்துக்கொண்டு பிறகு விட்டுவிடும் வகை; சில மணி நேரத்தில் அதன் வேகம் குறையத் தொடங்கும்; அதனால்தான் காலையும் இரவும். குழாய் திறந்தே இருக்கப் புதிதாக வைத்த ஸ்டென்ட் என்னும் கம்பி வலை உடலுக்கு ஓர் அந்நிய உலோகம். அதன் கம்பிகளை இரத்தக் குழாயின் உள்தோல் மூடி வளரும்வரை அங்கே மறுபடியும் உறைவு உண்டாகும் ஆபத்து உண்டு. முதல் ஒரு மாதம்தான் அதில் மிகவும் மோசமான காலம். அதாவது அந்த மூன்று இரவுகளும், ஐம்பத்தேழு நிமிடத்தில் அத்தனை பேர் ஓடி ஓடித் திறந்த குழாய் அரைகுறைக் காவலோடு இருந்திருக்கிறது.

உதவி எண்ணை அழைத்தேன். இருபத்தைந்து நிமிடம் இசை கேட்டேன். பிறகு பேசிய தாதி தெளிவாகச் சொன்னார்: இன்றிரவுக்கு உரியதை இப்போதே கொடுங்கள், விட்டுப்போனதை ஈடுகட்ட இரண்டாகக் கொடுக்க வேண்டாம், நெஞ்சிலோ தாடையிலோ வலி வந்தால் 995. அவருடைய பதிலில் ஒரு குறையும் இல்லை. அன்றிரவு நான் தூங்கவில்லை.

அடுத்த வாரம் இன்னொன்று. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று அம்மா பயந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று கோவிலில் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ப் பல மணி நேரம் காத்திருந்து பரிசோதித்த பிறகு, இதயம் நன்றாக இருக்கிறது, இது டிகாக்ரெலாருக்கே உரிய, பலருக்கும் வரும் பக்கவிளைவு என்றார்கள். இந்த ஒரு வரியை முன்பே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். அதைவிட முக்கியம், மூச்சு வாங்குகிறதே என்று மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடும் நோயாளிகள் எத்தனை பேரோ என்ற எண்ணம் எனக்கு வந்தது.

என் பங்கையும் மறைக்கக்கூடாது. கட்டணத்தைப் பிறகு கட்டியிருக்கலாம். மருந்து விளக்கும்போது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால், நோயாளியின் மகனுக்கு ஆங்கிலம் தெரிந்திருப்பதையும் அவன் சரியான நிமிடத்தில் சரியான இடத்தில் நிற்பதையும் நம்பி ஒரு சேவை நடக்கக்கூடாது. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. மின்தூக்கியில் எச்சில் துப்பாதே என்பதற்கு நான்கு மொழியில் அறிவிப்பு இருக்கிறது. ஓராண்டு தவறாமல் இருவேளை சாப்பிட வேண்டிய மாத்திரையின் உறையில் 'காலை', 'இரவு' என்ற இரண்டு சொற்களை அச்சடிப்பது அதைவிடக் கடினமான வேலையாகத் தெரியவில்லை.

மருத்துவமனைக்கு எழுதினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், தமிழ் தெரிந்த மருந்தாளுநர் ஒருவரை அம்மாவிடம் தொலைபேசியில் பேசவைத்தார்கள். இருபது நிமிடம் பேசினார். ஒவ்வொரு உறையையும் கையில் எடுக்கச் சொல்லி, அது எதற்கு என்று அம்மாவையே திருப்பிச் சொல்லவைத்தார். டிகாக்ரெலார் வந்தபோது அம்மா, "இது கம்பி வைச்ச எடத்துல ரத்தம் கட்டாம இருக்க, காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு" என்றார். திங்கட்கிழமையே செய்திருக்க வேண்டிய வேலை. செய்ய முடிகிற வேலைதான் என்பதும் அன்று தெரிந்தது.

இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாரம் இருமுறை போய்வருகிறார். இயன்முறை மருத்துவர்கள் அருமையானவர்கள். நேரம்தான் வேலை நாட்களின் நடுப்பகலில் இருப்பதால் ஆள் மாற்றி ஆள் விடுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறோம். குறுஞ்செய்திக்குக் கடைசியில் பதில் அனுப்பவில்லை, காலக்கெடு முடிந்துவிட்டது. டிகாக்ரெலார் பெட்டியின் ஒரு பக்கத்தில் சூரியனும் மறுபக்கத்தில் நிலாவும் என் மகள் வரைந்து ஒட்டியிருக்கிறாள். நேற்று இரவு எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரியாக இருந்தது.